சுடாத கால்கள்

முனிசாமியைக் கொன்றது நான்தான். கடலில்லை, மழையில்லை... நான்! ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. முதலில் கேட்பது நீங்கள்தான்.

தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து தங்கிவிட்ட இந்தத் தீவு நாட்டில், நமாகா என்ற ஊரில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பது என் தொழில். விமான நிலையத்தில் வேலை பார்த்த முனிசாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் தீவுப்பக்கம் போய்வர ஒரு சிறிய மோட்டார் படகு வைத்திருந்தான். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் வீடு வீடாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அவனுக்கும் மனைவிக்கும் சிட்னிக்கு விசா வந்தது. படகை விற்க வேண்டும், எஞ்சினைச் சரிசெய்து கொடுங்கள் என்றான்.

கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டை உப்புத்தண்ணீர் அரித்துத் தின்றிருந்தது. தட்டினால் பிஸ்கட்டாக உதிர்ந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கலவரத்தில் கப்பலோ வருவதாயில்லை. எனக்கும் பொறுமையில்லை. மறுநாள் மாரியம்மன் கோவிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டு. கட்டிக்கொண்டால் திருவிழா முடியும்வரை கோவிலைவிட்டு வெளியே வரக்கூடாது.

ஓட்டையைப் பசை வைத்து அடைத்தேன். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். சூடேறினால் அது விட்டுப்போகும், புகை உள்ளே கசியும், அடைத்த இடத்தில் அந்தப் புகை ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை படகை யார் எடுக்கப்போகிறார்கள்? புதிது போட்டாயிற்று என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அவன் கோவில் வாசலுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, நாளைக்கு லவுத்தோக்கா டவுன் ஆளு ஒருத்தன் போட்டைப் பாக்கணுங்கறான். நான் ஓட்டிக்கிட்டுப் போவலாமா?"

பக்கத்தில் என்னோடு காப்புக் கட்டியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொன்னவன் காலை நெருப்பு விடாது என்பது எங்களுக்குள் ஊறிய நம்பிக்கை. உண்மையைச் சொன்னால் அங்கேயே காப்பை அவிழ்க்கச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்...

"ஓட்டிக்கிட்டுப் போ, தம்பி."

"டீக் ஹை, அண்ணே" என்று எங்கள் ஊர் இந்தியில் சரி சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மழை. சாரல் அடிக்காமலிருக்கப் படகின் தார்ப்பாய்த் திரைகளை இறக்கிவிட்டிருக்கிறான். நடுக்கடலில் அந்தப் படகு ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்ததை மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்தார்கள். கூப்பிட்டார்கள். பதிலில்லை. திரையை விலக்கியபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தானாம். கன்னமெல்லாம் சிவந்து, தூங்குகிறவனைப் போல... எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்ததாம். மாரடைப்பு என்று முடிவுகட்டினார்கள். அந்த நாட்களில் யார் எதைத் துருவிப் பார்த்தார்கள்?

காப்புக் கட்டியவன் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எவ்வளவு வசதி! நான் போகவில்லை.

எரித்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டுதான் தீக்குழியில் இறங்கினேன். சூடே தெரியவில்லை. ஈரமணலில் நடப்பதுபோல் இருந்தது. மறுபக்கம் ஏறிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்... ஒரு கொப்புளம் இல்லை. மற்றக் காலையும் திருப்பிப் பார்த்தேன்; அதிலும் இல்லை.

காரியங்கள் முடிந்து, சிட்னிக்குப் புறப்படுமுன் அவன் மனைவி பார்வதி என் வீட்டுக்கு வந்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள்.

"ஆத்தா ஒங்கள ஏத்துக்கிட்டா, அண்ணே. ஒங்க கையால துன்னூறு பூசி விடுங்க. தனியாப் போறேன், பயமா இருக்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பூசினேன்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. திருவிழா நெருங்கினால் சிட்னியிலிருந்து அவள் போன் வரும். "அவருக்காகவும் மிதிங்க, அண்ணே" என்பாள்.

மிதிக்கிறேன். இன்றுவரை சுடவில்லை.