வெயிலிலும் கழித்த ஈரம்

வால்வெள்ளியில் தூசி இருந்தது, வாயுவைக் காணோம். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு விடுமுறையில் வந்தவள், லெப்டொப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடச்சே, வாயு கிளம்பாமல் அத்தனை தூசியையும் யார் ஊதிவிட்டது?

எங்கள் குழுவின் தொலைநோக்கி ராக்கெட்டில் ஏறிப் போய், சில நிமிடங்கள் புற ஊதா ஒளியில் படம் எடுத்துவிட்டு பாராசூட்டில் இறங்கியிருந்தது. அந்த ஒளி தரைக்கு வராது, வழியிலேயே காற்று தின்றுவிடும். அதோடு தொல்லை விட்டதா? நம் காற்றுக்கும் அதே நிறத்தில் ஒரு மினுக்கம் உண்டு. அதைக் கழித்தால்தான் வால்வெள்ளியின் சொந்த ஒளி மிஞ்சும். கழித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. வாயு இல்லையென்று அன்று மாலை எழுதி அனுப்பினால் அடுத்த ராக்கெட் கிடையாது. என் ஆராய்ச்சிக்கும் மங்களம் பாட வேண்டியதுதான்.

பறித்த கொழுந்தைத் தோட்டத்துத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

"படுபாவிங்க! காலையிலேருந்து மண்டையப் பொளக்குற வெயிலு, கொழுந்துல சொட்டுத் தண்ணி இல்ல. மழைக்குக் கழிக்கிற அதே ரெண்டு கிலோவ இன்னைக்கும் ஈரத்துக்குன்னு கழிச்சிட்டாங்க."

"கேக்க வேண்டியதுதானேம்மா?"

"கேட்டேன். எல்லா நாளும் ஒரே கணக்குதானாம்."

"இது என்ன அநியாயம்!" என்று கொதித்தேன். கொதித்தபடியே திரையைப் பார்த்தவள், என் கணக்கை முதலிலிருந்து மறுபடி படித்தேன். ராக்கெட் ஏற ஏற நம் காற்றின் மினுக்கம் குறையும். நானோ கீழே எடுத்த ஒரே அளவை, உச்சியில் எடுத்த படங்களுக்கும் சேர்த்துக் கழித்திருந்தேன்.

படத்துக்குப் படம் தனியாகக் கழித்தேன். மங்கலாக வாயு தெரிந்தது. நிஜமாகவே தெரிகிறதா, என் ஆசைதான் தெரிகிறதா? மறுபடி போட்டுப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. அரை மனதோடு, வாயு இருக்கிறது, ஆனால் மங்கல் என்று எழுதி அனுப்பிவிட்டு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி, இவ்வளவு படிச்சும் தராசுக்காரன் வேலையத்தான் பாத்திருக்கியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பில்லாமல் கேட்டாள்:

"அந்த வால்வெள்ளிகிட்ட கழிச்சத நீ திருப்பிக் குடுத்துட்ட. எனக்கு யாருடி குடுப்பா?"

திரையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். லெப்டொப்பை மூடிவிட்டு, இந்த மாதம் எத்தனை வெயில் நாள் என்று அம்மாவிடம் கேட்டேன்.