மிளகு போகாத கடிதம்

தபால்காரனுக்குக் கால் தேய்வது ஒரு பங்கு. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துத் தொண்டை தேய்வது மூன்று பங்கு. பிறர் கடிதத்தை வாசித்துக் கண் கலங்கியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

நிரம்பினால்தான் கிளம்பும்

எழுபதுகளில் நான் குமுளி மலையில் ஆனைக்கரைப் பக்கம் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏலக்காய்த் தோட்டத்தில் களை வெட்டும் பேச்சியம்மாளின் மகள் ராசாத்தி, வாத்தியார் வேலைக்குப் போன கணவனோடு நைஜீரியாவில் இருந்தாள். அங்கே டாக்ஸி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், ஓர் ஆட்டுக்கும் இரண்டு கிழங்கு மூட்டைக்கும் நடுவில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். பெற்றவள் கலங்குவாளே என்று தயங்கித்தான் வாசித்தேன்.

"நம்ம குமுளி ஜீப்பு மாதிரித்தான சாரே. அப்ப புள்ள பழகிருவா."

தக்காளிக்கு முன்னால்

அந்த ஊரில் வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளைகள் தூங்கினார்களா என்று விசாரித்த பிறகுதான் வேறு பேச்சாம். இது தெரியாத ராசாத்தி சந்தையில் எடுத்த எடுப்பில் தக்காளி விலை கேட்க, கடைக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"இங்கயும் அவ அப்படித்தான். வேலைக்குப் போயிட்டு வந்த என்னைய ஒரு வார்த்த கேக்காம சோத்தத்தான் கேப்பா."

நாலு மிளகு

ராசாத்தி முழுகாமல் இருக்கும் செய்தி வந்ததிலிருந்து பேச்சியம்மாளுக்கு உறக்கமில்லை. பிரசவம் ஆனவளுக்கு வெந்நீர் ஊற்றவும் மிளகு ரசம் வைக்கவும் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதே பேச்சு. ஒருநாள் அவளுக்காக நான் எழுதித் தந்து, அவள் ஒட்டிக் கொடுத்த நீல ஏர்மெயில் கடிதம் புடைத்திருந்தது. உள்ளே மிளகு. இந்தக் கடிதத்துக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று சட்டம் பேசி, பிரித்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். பாவம் செய்ததுபோல்தான் இருந்தது.

"நாலு மிளகு கூடப் போனா ஏரோப்ளேன் கீழ விழுந்துருமா சாரே?"

வெந்நீர்

அப்புறம் இரண்டு மாதம் கடிதமே இல்லை. பேச்சியம்மாள் கண்ணில் படாமல் சுற்றுப்பாதையில் போனேன். ஒருவழியாக வந்த கடிதத்தை, நல்ல சேதியாக இருந்தால் மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அங்கேயும் பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்ளப் பெற்ற தாய் வந்து தங்குவதுதான் வழக்கமாம். ராசாத்திக்கு அம்மா வர வழியில்லை என்று கேட்டு, பக்கத்து வீட்டு நைஜீரிய அம்மாள் பாயும் பானையுமாக வந்து இறங்கிவிட்டாளாம். தினமும் வெந்நீர் ஒத்தடம். கண்ணில் நீர் வரும் அளவுக்கு மிளகுக் காரம் போட்ட சூப்பு. பேச்சியம்மாள் அழுது முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க சாரே. வீட்டுல எல்லாரும் சொகமான்னு மொதல்ல கேட்டுருங்க, மத்தது பெறகு."

நலம் விசாரித்தே முக்கால் பக்கம் தீர்ந்துபோன அந்தக் கடிதத்தை அவள் ஒட்டிக் கொடுத்தபோது, உள்ளே ஏதாவது புடைக்கிறதா என்று நான் தடவிப் பார்க்கவில்லை.