அம்மாவுக்குத் துணையாக வந்தவர்

அக்காவுக்குச் சுகமில்லாமற் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என்றுதான் கொட்டாஞ்சேனையில் எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பல நாள் முன்பே அவள் உறக்கமில்லாமல் நடந்து திரிந்ததும், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனதும் வீட்டிலிருந்த எங்களுக்குத்தான் தெரியும். மாதா கோயிலில் எல்லோரும் முழங்காலில் நின்ற நேரம், அவள் மட்டும் எழுந்து, சுவருக்குள் இருந்து யாரோ தன்னை ஏசுகிறார்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். மறுநாள் ஒரு வாடகைக் கார் வந்தது. அதில் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா தனியே திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வாரம் தவறாமல் வரும் சின்னம்மா, மகளுக்குக் கலியாணம் பேசுவதால் கொஞ்ச நாளைக்கு வரமுடியாதென்று சொல்லியனுப்பினார். கலியாண வீட்டில் வேலை அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை வேறு வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வேலை முடிந்து துறைமுகக் கந்தோரிலிருந்து வந்தால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருப்பார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சமையல் இல்லை; கடையில் வாங்கிய பாணும் வாழைப்பழமும்தான். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் நான் பின்முற்றத்துத் தண்ணீர்க் குழாயிடம் சொல்லுவேன். எனக்கு எட்டு வயது. அக்காவின் கட்டிலில் நான் படுக்கலாமா என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் திரை கட்டிய ரிக்‌ஷா ஒன்று எங்கள் வாசலில் நின்றது. பின்தெருவில் இருந்த புடவைக்கடை முதலாளியின் மனைவி இறங்கினார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாரே தவிர, அந்த முஸ்லிம் மாமி எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வந்தவர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவை எழுப்பி இருத்தி, சிக்குப் பிடித்திருந்த தலைமயிரைச் சீவிப் பின்னிவிட்டார். கொண்டுவந்த சோற்றை மூன்று கோப்பைகளில் போட்டு, அப்பாவின் பங்கை மூடிவைத்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்க விடும் நாட்களில் அப்பா மட்டும்தான் போய்வருவார். சுகமாய்த்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவார். அம்மா போகவே இல்லை. ஏனென்று அவர் அந்த மாமியிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அவள் என்னைப் பாத்து நீங்கள் ஆரெண்டு கேட்டால் நான் என்ன செய்வன்?”

“கேட்டா சொல்லுங்க, நான் ஒன்ட உம்மாதான் எண்டு. அடுத்த முற கேட்டா, அப்பவும் சொல்லுங்க” என்றார் மாமி. “நானும் வாரன். எனக்கு வழி தெரியும்.”

இருவரும் போன அன்று என்னைக் கூட்டிப்போகவில்லை. வாசற்படியில் பொழுது சாயும்வரை இருந்தேன். எனக்கு மிச்சமிருந்த அம்மாவையும் அந்த மாமி கொண்டுபோய்விட்டதாக அவர்மேல் கோபமாக இருந்தது. திரும்பி வந்த அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் நேரே குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினார். அப்பாவுக்குச் சோறு போட்டபடியே மெல்லக் கதைத்தார். அக்கா தன்னை அறிந்துகொண்டாளாம், கையை விடவில்லையாம். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, அங்கே வாசற்காவலாளி முதல் தாதிமார் வரை எல்லோருக்கும் மாமியைத் தெரியும் என்றார். மாமியின் மூத்த மகன் பல வருஷமாய் அங்கேதானாம். வெளியில் ஒருவருக்கும் தெரியாதாம். அப்பா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார்.

எனக்கோ பெரிய ஆறுதல். அப்பா பல வருஷமாய்த் துறைமுகத்தில் இருப்பதுபோல மாமியின் மகன் அங்கே இருக்கிறார். பெரிய உத்தியோகமாய்த்தான் இருக்கும். அக்காவைக் கவனிக்க நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

நத்தார்ப் பண்டிகைக்குச் சற்று முன் அக்கா வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், பேச்சுக் குறைவு, ஆனால் என்னைத் தன் கட்டிலிலேயே படுக்க விட்டாள். அவளைப் பார்க்க மாமி வந்து, அவள் தலையைத் தடவியபடி நெடுநேரம் இருந்தார். வீட்டில் நன்றி சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது.

“மாமி, உங்கட மகன் அக்காவை நல்லாப் பாத்திருக்கிறார்” என்றேன். “அவர் எப்ப வீட்டுக்கு வருவார்?”

அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினார். மாமி கையுயர்த்தி அவரைத் தடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அவனுக்கு இன்னம் லீவு குடுக்கல்ல, புள்ள.”

பெருநாளுக்குக்கூட லீவு கொடுக்காத அப்படி என்ன கந்தோர் என்று எனக்கு அந்த ஆஸ்பத்திரிக்காரர் மேல் கோபம் வந்தது. அம்மா ஏன் மாமியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார் என்றுதான் விளங்கவில்லை.