சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள்

ஹால் டிக்கெட் கவர்

சென்னையிலிருந்து வந்த கவரைப் பிரித்து ஆறு ஹால் டிக்கெட்டையும் மேஜையில் பரப்பியபோதுதான் தப்பு தெரிந்தது. வகுப்பில் கடைசி மார்க் வாங்கிய அயோத்தியாப்பட்டணத்து ஆளுக்கு டிக்கெட் வந்திருந்தது. முதல் மார்க் வாங்கிய ஓமலூர்க்காரருக்கு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே கம்பவுண்டர் வகுப்பு நடந்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு பேர். பெரிய டாக்டரே பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, மார்க் போடுவார். நான் மார்க் வரிசையில் பெயர் எழுதி, ஆறாவது பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுப்பேன். கோட்டுக்கு மேலே இருப்பவர்களை மட்டும் லைசென்ஸ் பரீட்சைக்கான பாரத்தில் எழுதி நீட்டுவேன்; டாக்டர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் லைசென்ஸ் பரீட்சைக்கு உட்கார முடியாது. லைசென்ஸ் இல்லாவிட்டால் கம்பவுண்டராக முடியாது.

தப்பு எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வகுப்பில் மருந்து நிறுக்கும் தராசு ஆறுதான் இருந்தது. அதனால் ஆறு பேர் காலையிலும் ஆறு பேர் மதியமும் பழகினார்கள். அந்த வருகைப் பட்டியலிலும் காலை ஆட்களைப் பிரித்துக் காட்ட ஆறாவது பெயருக்குக் கீழே நானே சிவப்புக் கோடு போட்டிருந்தேன். பாரம் எழுதும்போது மார்க் பட்டியலுக்குப் பதிலாக அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். டாக்டரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே? முப்பத்தொண்ணு மார்க் வாங்கினவனை அனுப்பி என் மானத்தை வாங்கப் போறியா?" என்று டாக்டர் கத்தினார். மாற்றுவதற்கு நாள் இல்லை. ஓமலூர்க்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. ஒரு வருஷம் வீணானதற்கு அவர் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரிசல்ட்

ஆறு பேரில் ஐந்து பேர் பாஸ். அயோத்தியாப்பட்டணத்து ஆளும் பாஸ். பெயிலான ஒருவர் யார் என்றால், எங்கள் வகுப்பில் இரண்டாவது மார்க் வாங்கியவர்.

நான் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று நிஜமாகவே திருப்பிப் பார்த்தேன். டாக்டர், "இந்த வருஷம் கேள்வி லேசு" என்றார். அப்படியானால் இரண்டாவது ஆள் ஏன் பெயிலானார்? "அவனுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார். விசாரித்தேன், நன்றாகத்தான் இருந்திருக்கிறார்.

பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நாங்கள் அனுப்பியவர்கள் பெரும்பாலும் பாஸ். அதுதான் டாக்டருக்குப் பெருமை; நம் மார்க் தவறாது என்று எல்லோரிடமும் சொல்லுவார். நானும் அதை நம்பியிருந்தேன். ஆனால் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை நாங்கள் ஒரு தடவையாவது அனுப்பிப் பார்த்தோமா? இல்லை. அனுப்பாதவர் பெயிலாகியிருப்பார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இது எனக்கு உறைத்த பிறகு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

செங்கோடன்

இரண்டு நாள் கழித்து டிரஸ்ஸர் செங்கோடன் என் மேஜைக்கு வந்தார். ராசிபுரத்து நெசவுக் குடும்பம். கம்பவுண்டராக வேண்டும் என்று தறியை விட்டு வந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் ஏழாவது ஆள். கோட்டுக்கு நேர் கீழே. அப்போதிருந்து ஆஸ்பத்திரியிலேயே புண் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, முப்பத்தொண்ணு மார்க்குக்காரரு பாஸாயிட்டாராமுங்க?"

"ஆமாம்."

"எனக்கு நாப்பத்தாறுங்க."

அந்தக் கோட்டை இழுத்தது என் கைதானே! வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷப் பாரத்தில், ஓமலூர்க்காரர் பெயருக்குக் கீழே செங்கோடன் பெயரையும் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். இந்தத் தடவை அவர் படித்தார்.

"இது யாரு?"

"நம்ம டிரஸ்ஸர் சார். லைசென்ஸ் பரீட்சையே எழுதாத ஆளைப் பெயில்னு நாமளே வச்சுக்கிட்டோம் சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் பெயிலானா நீதான் பொறுப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செங்கோடன் பாஸாகிவிடுவார் என்று நான் நினைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், சாமிகூடக் கும்பிட்டேன். அவர் பாஸானால் நான் குழம்பியதற்கெல்லாம் ஒரு அர்த்தம் கிடைக்கும் என்று இருந்தது.

ஓமலூர்க்காரர் சுலபமாகப் பாஸ். செங்கோடன் பெயில்.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, மார்க் பொய் சொல்லாது" என்றார். போன வருஷம் மட்டும் ஏன் பொய் சொல்லிற்று என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செங்கோடன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அவரே வந்தார். கையில் புண் கழுவும் லைசால் வாடை.

"போச்சுங்க" என்றார்.

"நான்தான் ஆசை காட்டிக் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் இல்லீங்க. நாலஞ்சு வருசமா நான் பெயிலுன்னு நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்க. இப்பத்தானுங்க நானாப் போய்ப் பெயிலாயிருக்கேன். எதுல கோட்டை உட்டேன்னு இப்பத் தெரியுதுங்க. மருந்து நிறுக்குற கணக்குல டிராமை கிரெயினாக்குறதுல தப்புப் பண்ணிட்டனுங்க." வாசல் வரைக்கும் போய்த் திரும்பிக் கேட்டார். "அடுத்த பாரம் எப்பங்க வரும்?"

இந்த வேலையில் பல வருஷம் இருந்தேன். மார்க்கைப் பார்த்து யார் பாஸாவார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசி யார் என்று மட்டும் கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அது தெரியாதவன் கோடு போடக் கூடாது என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. அன்றைக்கு அவர் கேட்டதற்கு, "வந்ததும் உங்க பேரைத்தான் முதல்ல எழுதுவேன்" என்றேன். அப்படியே எழுதினேன்.