முப்பத்தெட்டும் தப்பு

என் அண்ணி பதினோரு வருடமாகச் செய்கிற வேலையைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி வந்து மோதி ஒன்றானால் எந்த மாதிரி ஈர்ப்பு அலை கிளம்பும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து முன்கூட்டியே சொல்வார். கருவிகளில் நிஜ அலை சிக்கும்போது, அண்ணி கணித்துவைத்த வடிவங்களோடு ஒப்பிட்டுத்தான் எது எதோடு மோதியது என்று கண்டுபிடிப்பார்கள். எனக்கும் அண்ணனுக்கும் மூளப்போகிற சண்டையை மட்டும் அவருக்குக் கணிக்கவே வராது.

அதே கட்டடத்தில் நான் ஏ.சி. மெக்கானிக். அந்தக் கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. செவ்வாய்க்கிழமை மதியம் ஃபில்டரைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன். "ஐயோ" என்று ஒரு சத்தம். திரும்பினால், அண்ணி திரையைப் பார்த்தபடி உறைந்துபோயிருந்தார்.

"என்னாச்சு அண்ணி?"

"பெரிய தப்பு பண்ணிட்டேன் தம்பி."

ஒவ்வொரு கணக்கிலும் இரண்டு கருந்துளைகளும் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பதைக் கையால் எழுத வேண்டுமாம். பழைய புரோகிராமில் முதல் வரி பெரிய கருந்துளைக்கு. புதியதில் முதல் வரி சின்னதற்கு. அண்ணி கைப்பழக்கத்தில் பழையபடியே எழுதிவிட்டார். பழைய கணக்கு ஒன்றைப் புதியதில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டிலும் வந்த அலைகள் ஒத்துப்போகவே இல்லை. புதியதில் போட்டவை முப்பத்தெட்டுக் கணக்குகள்! அவற்றை நம்பித்தான் போன வருடம், கருவியில் சிக்கிய ஒரு மோதலைப் பற்றி, 'பெரிய கருந்துளை சுழலவே இல்லை' என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தார்கள்.

"கூட வாங்க தம்பி. தனியா போகக் கால் வரமாட்டேங்குது."

ஏ.சி.யைப் பார்க்கிற சாக்கில் நானும் ஆய்வகத் தலைவர் அறைக்குள் நுழைந்தேன். அண்ணி திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "தெரியும்மா. அறிவிச்ச ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன்."

என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"அப்புறம் ஏன் சார் சொல்லலை?"

"உங்களுக்காகத்தான்மா. பேர் கெட்டுப்போயிடும்ல. அடுத்து வெளியிடற கணக்குத் தொகுப்புல சத்தமில்லாம மாத்திடலாம்."

யார் பேர் என்று கேட்க வாய்வரை வந்தது. தினமும் அண்ணியின் மேஜையருகே நின்று, "கணக்கெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று சிரித்துக்கொண்டே விசாரித்தவர் இவர்! தன் தவறைப் பார்த்தபோதுகூட அண்ணி முகம் இப்படி வெளிறவில்லை.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. சாயந்திரம் பேசலாம்."

"முப்பத்தெட்டும் தப்பு சார்" என்றார் அண்ணி, தட்டச்சு செய்துகொண்டே.

சற்று நேரத்தில் மேஜைமேல் இருந்த தலைவரின் போன் அதிர்ந்தது. ஆய்வுக் குழுவில் உள்ள அறுபத்திரண்டு பேருக்கும் போன கடிதம் அவருக்கும் வந்திருந்தது. கணக்குகளின் பட்டியலுக்கு மேலே இரண்டே வாக்கியங்கள். 'தவறு என்னுடையது. இது நம் தலைவருக்குப் போன வருடமே தெரியும்.'