ரத்தக்கட்டு

இருசாயி சாமை குத்திக்கொண்டிருந்தாள். நாலு குத்துக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். கை மாற்றும்போது உலக்கை முழங்கையில் லேசாகத்தான் பட்டது. பொழுது சாய்வதற்குள் அந்த இடம் நாவல்பழமாகக் கறுத்துவிட்டது.

அவள் கழுத்தில் வீங்கியிருந்த கழலையை மலைமேல் இருந்த ஆலத்தூர் நாட்டில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அங்கே பல பெண்களுக்கு அது இருந்தது. மாதவிலக்கானால் பன்னிரண்டு நாள் ஒதுக்குக் குடிசையிலேயே கிடப்பாள். வெயிலிலும் அவளுக்குக் குளிரும். மறதி வேறு. உடம்பில் தினம் ஒரு நீலம் தோன்ற ஆரம்பித்ததும் ஊர் அவள் புருஷன் ராசப்பனைச் சந்தேகமாகப் பார்த்தது.

அவள் அண்ணன் காளியண்ணன் ஊர்க்கூட்டம் கூட்டினான். "அடிச்சானா, கண்ணு?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

எங்கே பட்டது என்றே அவளுக்கு நினைவில்லை. தூக்கத்தில் அடிக்கிறானோ என்று சில நாளாக ஒரு பயம் உள்ளே புகுந்திருந்தது.

"தெரியலீங்க," என்றாள்.

அது போதுமானதாக இருந்தது. ராசப்பனைக் கோயில் காரியத்திலிருந்து தள்ளி வைத்தார்கள்.

அவன்தான் அவளை மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டி வரை நடத்தி இறக்கி, பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கழுத்துச் சுரப்பி மந்தமாகிவிட்டது, அதனால் ரத்தம் சரியாக உறையவில்லை, லேசாக இடித்தாலே உள்ளே கசிகிறது என்றார் டாக்டர். தினமும் விழுங்க மாத்திரை கொடுத்தார்.

உறையாது என்பதைத் தன் பேச்சில், இவளுக்கு ரத்தம் கட்டாதாம் என்று ராசப்பன் அடுத்த கூட்டத்தில் சொன்னான்.

"ஏனுங்க மாப்ள, ரத்தமே கட்டாதவளுக்கு ரத்தக்கட்டு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றான் காளியண்ணன். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

மாத்திரை விழுங்கிய எட்டு மாதத்தில் நீலம் மறைந்தது. கூட்டத்துக்குப் பயந்து அடிப்பதை நிறுத்திவிட்டான் என்றது ஊர். அவர் அடிக்கவே இல்லை என்று இருசாயியே போய்ச் சொன்னாள். பயத்தில் சொல்கிறாள் என்றார்கள். அவளுக்கு இப்போது புத்தி தெளிந்திருந்தது. ஆனாலும் ஈ ஓட்ட அவன் கையைத் தூக்கினால்கூட அவள் தோள் தானாக ஒடுங்கியது. அதை அவனும் பார்த்திருந்தான்.

ஒரு மழை நாளில் களி தின்ற வட்டிலைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"அன்னைக்கு இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அடிச்சேன்னு நீயும் நெனச்சியா?"

அவள் அகப்பையில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டினாள்.  அவன் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து வெளியே போனான்.