படையல் பிராந்தியும் வலி மாத்திரையும்

இன்று காலை அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் மனிதர். கேட்கவே அவ்வளவு நிம்மதியாக இருந்தது! ஏன் என்கிறீர்களா? போன ஞாயிறு அவருக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தவன் நான்.

அண்ணன் எலெக்ட்ரீஷியன். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்ததில், தோளில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வலியில் துடித்தவருக்கு டாக்டர் ஸ்ட்ராங்கான மாத்திரை எழுதினார். "இதைச் சாப்பிடும்போது குடிக்கவே கூடாது. பழக்கம் உண்டா?"

"சேச்சே... அந்தப் பழக்கமே இல்ல சார்" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். பொய்யில்லை. கல்யாண வீட்டில்கூட கலர் சோடா குடிக்கிற ஆள் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் அப்பாவுக்கு வருஷப் படையல். செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, கூடவே ஒரு குவார்ட்டர் பிராந்தி. கற்பூரம் காட்டி, காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு, அந்த பிராந்தியை மூத்த மகன்தான் முதலில் எடுக்க வேண்டும்.

ஊற்றிக் கொடுத்தது யார்? அடியேன்தான்.

அண்ணன் கிளாஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். "அப்பாவுக்கு வச்சது, மிச்சம் வைக்கக் கூடாதுண்ணா" என்று இரண்டாவதையும் நானே நீட்டினேன். அதையும் குடித்துவிட்டுச் சாப்பிட்டார். மதிய மாத்திரையைப் போட்டார். படுத்தார். குடித்தார் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே? பிரசாதமாச்சே அது!

ஹாலில் குறட்டை. "பாவம், இன்னிக்குத்தான் நல்லா தூங்கிக்கினு இருக்காரு" என்று அண்ணி ஃபேனைக் கூட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டு விட்டு வந்தது. அப்புறம்... வரவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறது. உலுக்கினோம். கண் திறக்கவில்லை.

"ஐயோ, இன்னாங்க... எழுந்திருங்க!" அண்ணியின் அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்காரா?"

"அவரு தொடவே மாட்டாருங்க" என்றார் அண்ணி. பழக்கதோஷத்தில் நானும் தலையாட்டப் போனேன். அப்போதுதான் உறைத்தது. "ரெண்டு கிளாஸ் பிராந்தி, டாக்டர்... படையல்ல வச்சது. நான்தான் ஊத்திக் குடுத்தேன்." என் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தவர், அதற்குமேல் எங்களிடம் நிற்கவில்லை. ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஏதோ ஊசி போட்டார்கள். அண்ணன் இருமிக்கொண்டு கண் திறந்தபோது நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டர் பிறகு விளக்கினார். அது அபினுக்கு உறவுக்கார மருந்தாம். மூச்சை மந்தமாக்கும். மதுவும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு மூச்சுவிடவே மறந்துவிடும். "படையல்ல வச்சதா, கடையில வாங்குனதான்னு மாத்திரை விசாரிச்சுக்கினு இருக்குமா சார்?" என்றார்.

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? பழக்கம் உண்டா என்றால் தினம் குடிப்பவனை நினைத்துக்கொண்டு "இல்லை" என்கிறோம். கல்யாணம், காரியம், திருவிழாவெல்லாம் நம் கணக்கில் வராது. டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். வெட்கம் ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் வார்டில் அண்ணனுக்கு ஒரே கவலை. "இனிமே நான் எடுக்கலன்னா அப்பா கோச்சிக்குவாரேம்மா?"

துணைக்கு உட்கார்ந்திருந்த அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்: "உசுரோட இருந்தப்போ ஒரு சொட்டு யாருக்காச்சும் குடுத்திருப்பாராடா அந்த மனுசன்? செத்தப்புறம் மட்டும் பங்கு குடுப்பாராமா!"